நாங்கள் போகாத பாலைவனம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒஸ்லோத் தமிழரின் சென்ற தைப்பொங்கல் மலரில் என் பெயரோடு ‘பாலைவனத்தில் ஆறு வாரம்’ என்று ஏழு பக்கப் பயணக்கட்டுரை ஒன்று வந்தது. அரிசோனாவின் கள்ளித் தோட்டங்கள், செம்பாறைகளில் நடந்த சிறு நடைகள், அந்த மண்ணின் பூர்வகுடிகளின் வாழ்வு எல்லாவற்றையும் விஸ்தாரமாக எழுதியிருந்தேன். நான் அரிசோனாவுக்குப் போனதில்லை. அமெரிக்கா இருக்கிற திசையில் நான் ஆகக்கூடியது போனது நோர்வேயின் மேற்குக் கரை, பேர்கன் வரைக்கும்தான். அதுவும் ஒரு கலியாணவீட்டுக்கு. மழையில் கடலைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

கட்டுரை வந்த கிழமை மூன்று பேர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். பூர்வகுடிகளைப் பற்றிய பகுதி மனதை உருக்கியது என்றார் ஒருவர். அந்தப் பகுதியை நான் ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவா வீட்டில், குசினி மேசையில் இருந்து, உருளைக்கிழங்கு அவிகிற நேரத்துக்குள் எழுதி முடித்திருந்தேன்.

இருபது வருஷமாக அந்த மலருக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன் நான். மற்றப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் வக்மெஸ்தர். குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் கூரைக்குப் பந்து போனாலும் கூப்பிடப்படுகிற ஆள். ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் தொழில் என்பதால், ஒரு இரகசியத்தையும் அப்படி அடைத்து வைத்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

உண்மையை எழுத மகள் சம்மதம் தந்திருக்கிறாள். மனைவியிடம் கேட்க வழியில்லை. அவள் மாசி மாதம் போய்விட்டாள்.

ஆவணி கடைசியில் வைத்தியர் எங்கள் இரண்டு பேரையும் இருத்தி, நோயின் பெயரையும் அது எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்பதையும் சொன்னார். நோர்வேக்காரர் இப்படியான விஷயங்களைக் காலநிலை சொல்வதுபோலச் சொல்வார்கள். குறை சொல்லவில்லை, அது ஒரு விதத்தில் உதவிதான். மனைவி தலையாட்டிக் கேட்டாள். நன்றி சொன்னாள். பஸ் தரிப்பில் வந்து நின்றதும் என் ஜாக்கெட்டைப் பார்த்தாள்.

“உங்கடை ரெஃப்லெக்ஸ் எங்கை?”

ரெஃப்லெக்ஸ் என்பது இருட்டில் காரின் வெளிச்சம் பட்டால் மின்னுகிற, உடுப்பில் தொங்கவிடுகிற சின்னத் தகடு. இருபத்தைந்து வருஷம் பாலர் பாடசாலையில் வேலை செய்து, குளிர்காலம் தொடங்க முந்தியே பிள்ளைகள் எல்லாருக்கும் அதைக் கட்டிக் கட்டி, கடைசியில் புருஷனுக்கும் கட்டுகிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. ஆவணியில், பட்டப்பகலில் கேட்கிறாளே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அதே குரலில் அடுத்ததைச் சொன்னாள்.

“ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. பிள்ளையின்ரை விஷயம் சரிவரும் மட்டும்.”

பிள்ளைக்கு இருபத்தேழு வயது. ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளர். அவளுடைய ‘விஷயம்’ என்றால் கலியாணம். சாதகக் குறிப்பு மூன்று இடத்துக்குப் போயிருந்தது. தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் ‘மகளுக்கும் வருமாம்’ என்று சனம் கதைக்கும், குறிப்பெல்லாம் பொருந்தவில்லை என்று மரியாதையாகத் திரும்பி வரும். எங்கள் ஆட்களிடம் இது எழுதாத சட்டம். எத்தனையோ வீடுகளில் ‘அல்சர்’ என்று சொல்லிக்கொண்டே செத்தவீடு நடந்திருக்கிறது. நானும் அவற்றுக்குப் போய் ‘அல்சர் பொல்லாதது’ என்று சொல்லிவிட்டு வந்தவன்தான்.

மகளிடம் மட்டும் சொன்னோம். அவள், “ஆருக்காக அப்பா மறைக்கிறியள்?” என்று கேட்டாள்.

“உனக்காகத்தான்.”

“நான் கேட்டனானா?”

நியாயமான கேள்வி. “அம்மா கேட்டவ” என்றேன்.

சிக்கல் என்னவென்றால், என் மனைவி காணாமல் போனால் தெரியாத ஆள் அல்ல. நான் காணாமல் போனால் பொங்கல் வரைக்கும் ஒருவரும் தேடமாட்டார்கள். அவள் வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் தேத்தண்ணிக் கடை, யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பெற்றவளுக்கு முதல் சரக்குக் கறி என்று இருந்தவள். புரட்டாசி நடுவிலிருந்து ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் கதிர்ச் சிகிச்சை. ஆறு வாரம் எங்கே போய்விட்டாள் என்று சொல்வது?

கனடா என்றால் ஒஸ்லோத் தமிழரில் பாதிச் சனத்துக்கு அங்கே சகோதரம் இருக்கிறது. மறுநாளே ஆள் அனுப்பிப் பார்த்துவிடுவார்கள். லண்டன், பாரிஸ், சூரிச், மெல்பேர்ண் எல்லாம் அதே கதை. உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தவன் கால் வைக்காத ஒரு இடத்தைத் தேடினேன். இனத்தின் சாதனையை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன். கிறீன்லாந்திலும் ஒருவர் சமையல் வேலை செய்கிறாராம். கடைசியில் விரல் பாலைவனத்தில் நின்றது. தண்ணீர் இல்லை, வேலை இல்லை, கோயில் இல்லை. எங்கள் ஆட்கள் அங்கே என்னத்துக்குப் போகப்போகிறார்கள்?

மலரைத் தொகுக்கிறவரிடம்தான் முதலில் சொன்னேன். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், பத்துக் கட்டிடம் தள்ளி இருக்கிறார். அவரிடம் ஒன்றைச் சொன்னால் கோயில் பலகையில் எழுதிப் போட்டது மாதிரி.

“அரிசோனாவோ? அங்கை என்ன அண்ணை இருக்கு?”

“கள்ளி.”

“கள்ளி பாக்கவோ ஆறு கிழமை?”

“விதம் விதமான கள்ளி.”

கொஞ்சம் யோசித்தார். “பீனிக்ஸிலை எங்கடை பெடியன் ஒருத்தன் இருக்கிறான். என்ரை மச்சாளின்ரை மகன். நம்பர் தரட்டோ?”

நாங்கள் தங்குவது பட்டினத்தில் இல்லை, பாலைவனத்துக்கு உள்ளே, அங்கே தொலைபேசி சரியாக எடுபடாது என்றேன். “அப்ப வந்து மலருக்கு ஒரு கட்டுரை தாங்கோ, படத்தோடை” என்றார். அப்படித்தான் அந்தக் கட்டுரை என் கழுத்தில் விழுந்தது.

பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு, அடுத்த ஆறு வாரம் எங்கள் வீட்டிலேயே நாங்கள் ஒளித்திருந்தோம். முதலாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம், நாங்கள் மூன்றாம் மாடி. திரைச்சீலை இழுத்தபடி. சாமான் வாங்க எங்கள் ஆட்கள் போகிற ஸ்தோவ்னர் கடைகளின் பக்கம் போகாமல், தூரத்து ட்வெய்ட்டாவுக்குப் போய், அங்கேயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கி வந்தேன். பெரிய பிரச்சினை சமையல். ஒரு தமிழ் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று அறிய மணி அடிக்கத் தேவையில்லை, மாடிப்படியில் நின்று மூச்சு விட்டால் போதும். ஆகவே தாளிதம் இல்லை, சரக்குத்தூள் இல்லை, வெங்காயம் வதக்குவதில்லை. பாண், அவித்த உருளைக்கிழங்கு, தயிர். மனைவிக்கு அந்த நாளில் எந்த வாசமும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் அது வசதியாகப் போய்விட்டது. இதை எழுதும்போதுதான் ‘வசதி’ என்ற சொல்லை நான் எங்கே பாவித்திருக்கிறேன் என்று பார்க்கிறேன்.

ஒருநாள் கதவுக் கைபிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே தோடம்பழம். நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறபடியால் அது எங்களுக்கு வந்திருக்க முடியாது. எதிர்வீட்டுச் சோமாலியருக்கு யாரோ கொண்டுவந்து மாறிக் கொழுவிவிட்டார்கள் என்று முடிவுகட்டி அவரிடம் கொடுத்தேன். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

வைத்தியசாலைக்குப் போக வாசலுக்கு டாக்சி வரும். ஒஸ்லோவில் தமிழர் வேலை செய்யாத வைத்தியசாலை கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதனால் சாப்பாட்டுச்சாலைப் பக்கம் போகாமல், துணி வண்டில்கள் ஓடுகிற ஒரு பின்வழியைப் பிடித்தேன். மனைவிக்குக் கம்பளித் தொப்பி, முகக்கவசம். ஒரு உளவாளியின் சாமர்த்தியத்தோடு ஒவ்வொரு நாளும் அவளை அந்தப் பின்வழியால் கூட்டிப்போனேன். அவளுக்கு அது சுற்றுவழி, இருநூறு அடி கூட. களைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் மூலையில் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒருத்தரும் இல்லை, வாரும்” என்பேன்.

தொலைபேசி வேறு. அரிசோனா ஒன்பது மணித்தியாலம் பிந்தியது. மலர்க்காரர் வேலை முடித்துப் பின்னேரம் ஆறு மணிக்குக் கூப்பிட்டால், எனக்குக் காலை ஒன்பது. கொட்டாவி விட்டுக்கொண்டு எடுக்கவேண்டும்.

“எப்பிடி அண்ணை? அக்காவுக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளுதோ?”

“கொஞ்சம் கடுமைதான்.”

“சாப்பாடு?”

“பெரிசா இறங்குதில்லை. அமெரிக்கச் சாப்பாடுதானே.”

“நித்திரை கொள்ளுறாவோ?”

“புது இடம்.”

“எதுக்கும் ஒரு குறையும் இல்லையே அண்ணை? ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ.”

அரிசோனாவில் இருக்கிறவனுக்கு ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து என்ன உதவி செய்யப்போகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். மூன்று நாளுக்கு ஒருக்கால் இதே கேள்விகள். மனிதனுக்கு வேறு கதை இல்லை என்று மனைவியிடம் நொந்துகொள்வேன். அது போதாதென்று படம் வேறு கேட்கத் தொடங்கிவிட்டார்.

கள்ளி அறையைக் கண்டுபிடித்தது மகள். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெள்ளிக்கிழமைகளில் ஸ்தவாங்கரிலிருந்து வருவாள். எங்களோடு சேர்ந்து அவளும் திரைக்குப் பின்னால் பாண் தின்பாள். “இது முழு விசர்” என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, தாயின் முகத்தைப் பார்த்து, கைத்தொலைபேசியில் தேடத் தொடங்கினாள். நகரத்துத் தாவரவியல் தோட்டத்தில் கண்ணாடி வீடு இருக்கிறது, அதில் பாலைவனச் செடிகளுக்கென்று ஒரு பகுதி. “அரிசோனா டிக்கட் வேண்டாம், ட்ராமிலை போகலாம்” என்றாள்.

ஒரு திங்கட்கிழமை, சிகிச்சை முடிந்த கையோடு, நானும் மனைவியும் போனோம். வெளியே மழையும் காற்றும். கதவைத் திறந்து உள்ளே போனதும் வறண்ட சூடு வந்து முகத்தில் தொட்டது. கல்லும் மணலும் பரப்பி, வரிசையாகக் கள்ளிகள்: பந்து மாதிரி, தூண் மாதிரி, நரைத்த கிழவர் மாதிரி. ஒவ்வொன்றின் காலடியிலும் பெயர் எழுதிய தகடு. மனைவி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, இது எங்கடை நாகதாளியெல்லோ?”

நாகதாளியேதான். அவள் பிறந்த தீவில் ஆடுகூடத் திரும்பிப் பாராத சாமான். இங்கே கண்ணாடிக் கூரையும் ஹீட்டரும் பராமரிக்க ஒரு ஆளும் போட்டு வைத்திருந்தார்கள். “எனக்கு விசா தர ஒரு வருஷம் எடுத்தவங்கள்” என்றாள். “இதுக்குப் பேர்ப்பலகையோடை வீடு.” சிரித்தாள். சிரித்துவிட்டு, அங்கே கிடந்த ஒரு மர வாங்கில் போய் இருந்தாள். குளிர் ஜாக்கெட்டின் சிப்பை மெல்ல இறக்கினாள்.

ஒரு மாதமாக அவளுக்குக் குளிர். இரண்டு போர்வைக்குள்ளும் நடுங்குவாள், ஹீட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு இருப்பாள். அந்த வாங்கில் நடுக்கம் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோள் முதலில் இறங்கியது, பிறகு கை விரிந்தது. “கொஞ்ச நேரம் இஞ்சை இருப்பம்” என்றாள். ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். படம் எடுக்க வந்த அலுவலை நான் மறந்தே போனேன்.

அதை ஞாபகப்படுத்தியது, தமிழ்நாட்டுக்காரப் புதுத் தம்பதி ஒன்று. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தார்கள். “அங்கிள், நீங்க ஸ்ரீலங்காவா? நான் ஒரு போட்டோ எடுத்துத் தரட்டுமா?” அந்தப் பையன் எடுத்த படத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறோம். “ஆன்ட்டி, கொஞ்சம் சிரிங்க” என்றான். மனைவி முகக்கவசத்தைக் கழற்றினாள். போகும்போது அந்தப் பெண், “ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையா?” என்று மெதுவாகக் கேட்டாள். ஆறு வாரத்தில் அவளிடம் நேராக அதைக் கேட்ட ஒரே ஆள். “இல்லை மகள், குளிர்தான்” என்றாள் மனைவி. பிறகு வீடு வரும்வரைக்கும், “நல்ல பிள்ளை” என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

அதற்குப் பிறகு நாலு தரம் அந்த அறைக்குப் போனோம். படத்துக்காக அல்ல.

ஆனால் கட்டுரைக்கு மலை வேண்டுமே. வீட்டுக்குக் கிழக்கே காடு. முப்பது வருஷமாக வீட்டு மாடத்திலிருந்து பார்க்கிறேன், உள்ளே போனதில்லை. நோர்வேக்காரர் ஞாயிறு தவறாமல் முதுகுப்பையும் தோடம்பழமுமாக ஏறுகிற காடு. சிகிச்சை இல்லாத ஒரு சனிக்கிழமை, கார் போகக்கூடிய தூரம் போய், அங்கிருந்து நடந்தோம். வழியெல்லாம் மரத்தில் நீலநிறக் கோடு பூசியிருந்தது. நீலக் கோட்டைப் பார்த்து நடந்தால் வழி தவறாது என்று மனைவிதான் சொன்னாள்; பாலர் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிவந்த பழக்கம். ஒவ்வொரு நீலக் கோட்டிலும் நின்றோம். முதலில் ஒரு நிமிஷம், பிறகு மூன்று, பிறகு ஐந்து. ஏழாவது கோட்டில் ஒரு மொட்டைப் பாறை.

பைன் மரம் தெரியாத ஒரு கோணத்தை நோர்வேக் காட்டில் தேடிப் பாருங்கள், என் கஷ்டம் புரியும். பாறையில் குப்புறப் படுத்து, மரத்தை வெட்டி, நீலக் கோட்டை வெட்டி, தூரத்து மின்கம்பியை வெட்டி, வானமும் பாறையும் மனைவியும் மட்டும் வருகிறமாதிரி எடுத்தேன். பாறை சாம்பல் நிறம். அரிசோனாப் பாறை சிவப்பு. கைத்தொலைபேசியில் ‘வெப்பம்’ என்று ஒரு கோடு இருக்கிறது, அதை வலப்பக்கம் இழுத்தால் எல்லாம் சிவந்து வரும். இழுத்தேன். பாறை சிவந்தது. கூடவே அவளுடைய கன்னமும் சிவந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புப் போனது. நான்கு மாதத்துக்கு முந்திய என் மனைவி பாறையில் இருந்து என்னைப் பார்த்தாள்.

அவளிடம் காட்டினேன். வாங்கி நிறைய நேரம் பார்த்தாள்.

“இதை அழிச்சுப்போடாதேங்கோ” என்றாள். “பிறகு தேவைப்படும்.”

எதற்கு என்று நான் கேட்கவில்லை. இருபத்தொன்பது வருஷத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்விகளில் அதுவும் ஒன்று.

பூர்வகுடிகள் பகுதிக்கு நூதனசாலை ஒன்றுக்குப் போனோம். வடக்கே கலைமான் மேய்க்கிற சாமி இன மக்களைப் பற்றி அங்கே ஒரு கூடம். நடுவில் கூம்பு வடிவில் ஒரு கூடாரம். அமெரிக்கப் பூர்வகுடிகளின் கூடாரம் மாதிரியே இருந்தது. மலர் வாசகருக்கு வித்தியாசம் தெரியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு, “அதுக்குப் பக்கத்திலை நில்லும்” என்றேன். மனைவி நிற்கவில்லை. சுவரில் எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பாடசாலையில் போட்டு, தங்கள் மொழியில் கதைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்று எழுதியிருந்தது. முழுவதையும் வாசித்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“அவையின்ரை வீட்டை வேறை ஆரின்ரையோ வீடெண்டு சொல்லி மலரிலை போடப்போறியளோ?”

“ஒரு படம்தானே.”

“எங்கடை வீட்டை ஆரும் அப்பிடிப் போட்டால் நீங்கள் கட்டுரை எழுதியே ஆளை நாறடிச்சிருப்பியள்.” வாங்கில் இருந்துகொண்டாள். “நாங்கள் எங்கடை பொய்யைச் சொல்லுவம். அவையை அதுக்குள்ளை இழுக்காதேங்கோ.”

ஆகவே அந்தப் பகுதிக்குப் படம் இல்லை. முழுக்கக் கற்பனை. மனதை உருக்கியது என்று ஒருவர் சொன்னாரே, அந்தப் பகுதிதான்.

ஐப்பசி முடிவில் நாங்கள் அமெரிக்காவிலிருந்து திரும்பினோம். அதாவது திரைச்சீலையைத் திறந்தோம். பிறகு வைத்தியரிடம் போனோம். அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆறு வாரம் கதிரால் சுட்டும் அது அசையவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் வந்திருந்தது. இனி நோவில்லாமல் வைத்திருக்கத்தான் முடியும் என்றார். மனைவி நன்றி சொன்னாள்.

ஊருக்கு அடுத்த பொய்: பாலைவனத் தூசியால் அவளுக்கு ஒரு இருமல் பிடித்துவிட்டது, தொற்றக்கூடியது, தயவுசெய்து ஒருவரும் வரவேண்டாம். எல்லாரும் நல்ல பிள்ளைகளாகக் கேட்டார்கள். ஒருவரும் வரவில்லை.

கார்த்திகை முழுக்க அவள் யன்னலோரக் கதிரையில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கட்டிட வாசல் தெரியும். தெரிந்த ஆட்கள் போவதும் வருவதும் தெரியும். வாசல் மணி அடித்தால் தலையைத் திருப்புவாள். தபால்காரனாக இருக்கும். நான் கட்டுரை எழுதி வாசித்துக் காட்டினேன். எழுத்துப்பிழை திருத்தினாள், “சிரிப்பு இந்தமுறை கொஞ்சம் குறைவு” என்றாள். பிறகு வாசலைப் பார்த்தபடி, “ஒருத்தரும் வரேல்லை, பாத்தீங்களே” என்றாள்.

“நீர்தானே சொல்லக்கூடாதெண்டனீர்.”

“ஓம், நான்தான்.” யன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். “எண்டாலும் ஒராளாவது சொல்வழி கேளாமல் வந்திருக்கலாம்.”

அந்த நேரத்தில் நான் மலர்க்காரருக்கு ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். ஒரு வரி போதும். கொடுத்த வாக்குப் பெரிது என்று நினைத்தேன். இரகசியம் ஒழுகாமல் இருந்ததில் எனக்கு ஒரு தொழில்காரனுடைய பெருமையும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

செத்தவீட்டில் மகள் எழும்பி, இரண்டு மொழியிலும், நோயின் பெயரை வெளியாகச் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்புக்கூட எழவில்லை. முப்பது வருஷம் நோர்வேயில் இருந்து எங்கள் சனத்துக்கும் நாகரிகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு குறிப்பு வந்தது. மகள் இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. முன்னால் மாலை போட்டு, விளக்கேற்றி, மனைவியின் படம். பாறையில் எடுத்த படம்தான். பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தோம். மலர்க்காரர் வாழையிலைத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக்கூடாது.”

“சொல்லும்.”

“எங்களுக்கு முதல் கிழமையே தெரியும். என்ரை வீட்டுக்காரி அந்த ஆஸ்பத்திரியிலை துணி எடுக்கிற பகுதியெல்லோ. வண்டில் தள்ளிக்கொண்டு வரேக்கை உங்கள் ரெண்டு பேரையும் கண்டவ. தொப்பி போட்டால் என்ன, அக்காவின்ரை நடை தெரியாதோ. நீங்கள் வேறை மூலையிலை நிண்டு எட்டி எட்டிப் பாத்தீங்களாம்.”

“எத்தினை பேருக்குத் தெரியும்?”

மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டார். “இண்டைக்கு வராத ஆக்களையும் சேர்த்தோ?”

வெயில் ஒத்துக்கொள்ளுதோ, சாப்பாடு இறங்குதோ, நித்திரை வருதோ. மூன்று நாளுக்கு ஒருக்கால் அந்த மனிதன் என்னிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொட்டாவி விட்டுக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

“வீட்டுக்காரி ஒருநாள் பொறுக்கேலாமல் தோடம்பழம் கொண்டுவந்து கதவிலை கொழுவிப்போட்டு ஓடிவந்தவ” என்றார்.

எதிர்வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. “ஏன் ஒருத்தரும் வரேல்லை?” என்று கேட்டேன். “அவ யன்னலிலையே இருந்தவ.”

அவர் தட்டைப் பார்த்தார். “நீங்கள் முதல் அரிசோனாவிலை இருந்தனீங்கள். பிறகு தொற்றும் எண்டனீங்கள். நாங்கள் எப்ப அண்ணை வாறது?”

இரண்டு பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிவந்த பாறை, சிவந்த கன்னம், மரமோ மின்கம்பியோ இல்லாத வானம். அவளுடைய ஜாக்கெட்டின் ஓரத்தில், நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையாக ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துப் பழகி, என் கண்ணில் படாமலே போன ஒன்று. படத்தைப் பெரிதாக்கியதில் அதுவும் பெரிதாகியிருந்தது.

“கட்டுரை நல்லாத்தான் இருந்தது” என்றார் மலர்க்காரர், வடையைப் பிய்த்துக்கொண்டு. “எண்டாலும் படம் எடுக்க முதல் அந்த ரெஃப்லெக்ஸைக் கழட்டியிருக்கலாம் அண்ணை. பாலைவனத்திலை ஆர் காராலை இடிக்கப்போறான்.”